சரிவில் ஒரு கோடு

அத்தியாயம் 11

ஹெப்சியைப் பாலாற்று மணலில் குப்புறத் தள்ளியது நான்தான் என்று போன வாரத்திலிருந்து சிலர் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். சத்தியமாக நான் தள்ளவில்லை. கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் மண்சரிவில் அவளேதான் சைக்கிளில் வந்தாள். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் மணலில் புதைந்தது, சைக்கிள் அங்கேயே இருந்துவிட்டது, ஹெப்சி மட்டும் தொடர்ந்து போய்விட்டாள்.

முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. எலும்பு தப்பியதற்கு அவள் அம்மா ஜெமி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சொன்ன கையோடு சைக்கிளை ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜெமி வேலூரில் எலும்பு வார்டில் நர்ஸ். ஊரில் யார் எங்கே விழுந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேருகிறார்கள். அவள் கணவன் ஜெயகரன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். துருப்பிடித்த பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளுக்காக முள்ளு டயர், முன்பக்க ஷாக், லேசான பெடல் தண்டு, புது கியர் என்று ஒவ்வொன்றாக மாற்றியவன். "நம்ம வீட்ல மனுஷனுக்கு மாத்தின துணியவிட அந்த சைக்கிளுக்கு மாத்தின சாமான் ஜாஸ்தி" என்பது ஜெமியின் நிரந்தரப் புகார்.

இன்னொருத்தியையும் மறந்துவிடாதீர்கள். ஜெயகரனின் அக்கா ஜெயபுஷ்பம். சர்ச்சில் பாடகர் குழுவை ஆட்டி வைப்பவள். விளைச்சலுக்கு நன்றி சொல்ல வரப்போகும் அறுப்பின் பண்டிகையில் ஹெப்சி தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவள். ஈஸ்டர் விருந்தில் பிரியாணிக்கு உப்புக் கம்மி என்று தொடங்கி, ஜெமியின் அப்பா வீடு வரை போய் முடிந்த அந்தச் சண்டைக்கு அப்புறம், நாத்தனாரும் ஜெமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்தக் கதை அங்கேயே இருக்கட்டும்.

இது சனிக்கிழமை.

நைட் டூட்டி முடிந்து வந்த ஜெமி, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"சாயங்காலம் ஷஹீன் வருவா. சைக்கிளை அவ பையனுக்குக் குடுத்துடறதா சொல்லிட்டேன்."

ஷஹீன் பானு அதே வார்டில் வேலை செய்பவள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெயகரன், பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே நின்றுவிட்டான்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"விழறப்ப அவ யாரைக் கேட்டு விழுந்தா?"

சட்டைக் காலர் கருகுகிற வாடை வந்ததும்தான் ஜெயகரன் பெட்டியைத் தூக்கினான்.

ஹெப்சி இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. வயதுக்குக் கொஞ்சம் சின்ன உருவம், உருவத்துக்குக் கொஞ்சம் பெரிய பிடிவாதம்.

"அமிர்தி மலை சைக்கிள் போட்டிக்குப் பேரு குடுத்தாச்சும்மா."

"பேரை வாபஸ் வாங்கிக்கலாம். ஒடஞ்ச கையை வாபஸ் வாங்க முடியாது."

"பிரேக்குதான் கோளாறு ஜெமி," என்றான் ஜெயகரன். "எல்லாத்தையும் மாத்தினேன், அதை மட்டும் மாத்தல. இன்னிக்கு லீவு போட்டுட்டு நிசார் பாய் கடைக்குப் போறேன். பெரிய டிஸ்க்கா போட்டுட்டா..."

"நீங்க ஏரோப்பிளேன் பிரேக்கே போடுங்க. வண்டி சாயங்காலம் போயிடும்."

ஹெப்சி அழுவாள் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, அம்மாவின் எதிரில் நின்றாள்.

"ஷஹீன் ஆன்ட்டி வர்றதுக்குள்ள நான் அதே சரிவுல எறங்கறேன். நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நிக்கறேன். நின்னா சைக்கிள் எனக்கு. நிக்கலைன்னா நானே ஆன்ட்டி வண்டில ஏத்திவிடறேன்."

ஜெமி மகளையே பார்த்தாள். அடம் பிடிக்கிற பிள்ளையை அதட்டலாம். பந்தயம் கட்டுகிற பிள்ளையை என்ன செய்வது? மாட்டேன் என்றால் இவள் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அங்கே தனியாகப் போய் நிற்பாள். அது ஜெமிக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வயதில் அவளும் அப்படித்தான்.

"கோட்டை நான்தான் போடுவேன்," என்றாள்.

"போடு."

கைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது.

*

பள்ளிகொண்டாவில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிசார் அஹமதுவின் சைக்கிள் கடை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினார். சக்கரம் டக்கென்று நின்றது.

"இன்னா சார், நல்லாதான கீது?"

ஜெயகரன் அழுத்திப் பார்த்தான். அவனுக்கும் நின்றது. "தரையில நிக்குது பாய். சரிவுல நிக்கல. பெரிய டிஸ்க் போடுங்க. பேட், கேபிள் எல்லாமே புதுசா மாத்திடுங்க."

"தேவையில்லாத பேஜாரு. சரி, உங்க இஷ்டம்."

ஹெப்சி பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சக்கர நடுவில் பிரேக் கவ்விப் பிடிக்கிற பழைய டிஸ்க் தகடு கழன்று வருவதையும், அதைவிட அகலமான புது டிஸ்க் பளபளவென்று ஏறுவதையும் பார்த்தாள். சாதாரணமாக இந்த மாதிரி நேரத்தில் அவள் வாய் மூடாது. இது எதுக்கு, அது எதுக்கு என்று நிசாரின் கையைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய்," என்று ஒருமுறை ஆரம்பித்தாள்.

"சொல்லு பாப்பா."

அதற்குள் நிசாரின் கண் ஹாண்டில்பாரில் விழுந்துவிட்டது. "அட, இது எங்க வாங்கினது?"

ஜெயகரனின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் பிடியின்மேல் கொஞ்சம் ஸ்பாஞ்சு சுற்றி, அதன்மேல் இரண்டு மடிப்பு மெத்தென்ற ஆட்டுத்தோல் போட்டு, சிவப்பு நூலில் தைத்திருந்தான். இடது பிடியில் மகளின் பெயரை எழுத்து எழுத்தாகத் தோலில் அழுத்திப் பதித்திருந்தான். மெஷினில் தைத்ததல்ல, கையால் தைத்தது.

"வாங்கறதா? நானே தெச்சது பாய். கல்லு முள்ளுல ஓட்டறப்ப கை காய்ச்சுப் போவக் கூடாதுன்னு. தெச்சு முடிக்க ஒரு வாரம் ஆச்சு. தொட்டுப் பாருங்க."

நிசார் தொட்டுப் பார்த்தார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுத் தொட வைத்தார். "எங்க அப்பா எனக்கு ஒரு பட்டம்கூட ஒட்டித் தந்தது கெடையாது," என்றார். "நீ குடுத்து வெச்சவ பாப்பா. ஆமா, இன்னா கேக்க வந்தே?"

"ஒண்ணுமில்ல பாய்," என்றாள் ஹெப்சி.

*

விரிஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம். வெயில் தாழ்ந்திருந்தது. பாலாறு வழக்கம்போலத் தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் கொண்டிருந்தது: மணல், முள், மாடு, கிரிக்கெட். சரிவின் அடியில், கெட்டி மண் முடிந்து மணல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜெமி ஒரு குச்சியால் குறுக்கே கோடு கிழித்தாள்.

கோடு நியாயமான இடத்தில்தான் இருந்தது. தோற்கடிக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தால் இன்னும் மேலே போட்டிருக்கலாம். ஜெமி அந்த ரகம் இல்லை.

"ஹெல்மெட்?"

"போட்டாச்சு."

"எறங்கு."

ஹெப்சி இறங்கினாள். முதலில் அழகாகத்தான் வந்தாள். பாதிச் சரிவில் வண்டி வேகம் பிடித்தது. கல்லில் சக்கரம் குதித்தது. அவள் தோள்கள் காதுவரை ஏறின. "பிரேக்! பிரேக் புடி!" என்று ஜெயகரன் கத்தியது ஆற்றின் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும். கோடு வந்தது, போயிற்று. ஹெப்சி இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே போய் மணலில் நின்றாள்.

இந்த முறை விழவில்லை. ஆனால் விழாமல் இருப்பது பேச்சில்லையே.

ஜெயகரன் ஓடிப்போய் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தான். கல் மாதிரி பிடித்தது. பின் பிரேக்கும் பிடித்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதற்குமேல் எதை மாற்றுவது? அந்தச் சைக்கிளில் மாற்றாமல் மிச்சமிருந்தது சட்டம் மட்டும்தான்.

"போதும்," என்றாள் ஜெமி. குரலில் வெற்றி எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. "வா ஹெப்சி, வீட்டுக்குப் போலாம். ஷஹீன் வர்ற நேரம்."

ஹெப்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள். கண்ணில் நீர் முட்டியபோது புறங்கையால் துடைத்தாள். அப்போதுதான் ஜெமி அவள் விரல்களைப் பார்த்தாள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி."

விரல் நுனிகள் நான்கும் சிவந்து கன்றியிருந்தன. நடு விரலின் நுனியில் பழைய கொப்புளம் ஒன்று உடைந்து, பக்கத்திலேயே புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. விரலின் நடுக்கணுவில் ஒரு கீறல்கூட இல்லை. தினம் தினம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஜெமிக்கு அது உறுத்தியது. பிரேக்கை மடக்கிப் பிடிக்கிறவளுக்கு நுனியில் மட்டும் எப்படிக் காய்க்கும்?

"ஹாண்டிலைப் புடி. நல்லாப் புடி. இப்ப பிரேக்கைத் தொடு."

ஹெப்சி பிடித்தாள். தோல் உறையைச் சுற்றி வளைக்கவே அந்தச் சின்னக் கைக்குச் சரியாக இருந்தது. மிச்சமிருந்த விரல் நுனி பிரேக் கம்பியை லேசாக உரசியது. அவ்வளவுதான். நுனியால் சுரண்டி இழுத்தாள். சமதரையில் அது போதும். சரிவில், வண்டி குதிக்கும்போது, ஹாண்டிலை விட்டால்தான் பிரேக், பிரேக்கை விட்டால்தான் ஹாண்டில்.

"இன்னும் உள்ள புடி."

"இவ்ளோதாம்மா எட்டுது."

"முன்னாடி?"

"ரப்பர் மட்டும் இருந்தப்ப நல்லா எட்டுச்சு." தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா உறை போட்டதிலேர்ந்துதான்."

ஜெயகரன் அந்த இடத்திலேயே நின்றான். அவன் யார் தெரியுமா? குழந்தைகள் ஷூவில் உள்துணி ஒரு சுற்று தடித்துவிட்டால், "இதுல எந்தப் புள்ள கால் போவும்?" என்று லைனையே நிறுத்துகிறவன். ஜோடி ஜோடியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, தைப்பவர்களிடம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிறவன். அவன் தைத்ததை மட்டும் அவன் தன் கைக்குப் போட்டுப் பார்த்தான். தோலின் மென்மையைப் பார்த்தான், தையலின் நேரைப் பார்த்தான், மகளின் கையைப் பார்க்கவில்லை. பிரேக் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானே, அந்தக் கோளாறைச் சிவப்பு நூலில் தைத்துப் பெயரும் போட்டது அவனேதான்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றான்.

"நீங்க விரல்ல ஊசி குத்திக்கினு தெச்சீங்க. என் பேரு வேற போட்டீங்க. சொன்னா பிரிச்சிடுவீங்க. அப்புறம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவீங்க."

மூஞ்சி அப்போதே தொங்கிவிட்டது.

"அதுக்காக விழுவியா?" என்றாள் ஜெமி. திட்டுவதற்கு அவளிடம் ஏராளமாக இருந்தது. புருஷனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கினாள். "இங்க பாரு ஹெப்சி. அப்பா மூஞ்சி ரெண்டு நாளைக்குத் தொங்கும், மூணாவது நாள் சரியாயிடும். கை ஒடஞ்சா அப்படி இல்ல. இனிமே யார் மனசு நோகும்னும் எதையும் மறைக்காத. எங்கிட்ட நேராச் சொல்லு. என்ன?"

"சரிம்மா."

ஜெமி கணவனிடம் திரும்பினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? நூலை வெட்டுங்க."

"அவதான் கோட்டைத் தாண்டிட்டாளே."

"பிரேக் எட்டாத கையை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தீர்ப்பு சொல்றது? எட்ட வெச்சு எறக்குங்க. அப்பவும் நிக்கலைன்னா வண்டி போவும். அதுல மாத்தமில்ல."

ஷூ கம்பெனிக்காரன் சட்டைப் பையில் பேனா இல்லாமல் போகலாம், நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி இல்லாமல் போகாது. ஜெயகரன் மண்ணில் உட்கார்ந்தான். முதல் தையலில் கத்தரியை வைத்தபோது கை நின்றது. அப்புறம் வெட்டினான். ஒன்றை வெட்டியதும் அடுத்தது சுலபமாக இருந்தது. வலது பிடி உரிந்தது, இடது பிடி உரிந்தது, ஸ்பாஞ்சு உரிந்தது. அடியில் பழைய ரப்பர், மெலிந்து கறுத்துப்போய், ஹெப்சியின் கைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

பிரேக் கம்பியின் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் கம்பி பிடியை நோக்கிக் கிட்டே வரும். பெரியவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. ஜெயகரன் அதைத் திருகினான்.

"புடி."

"இன்னும் கொஞ்சம்பா."

திருகினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்." முதல் தடவையாக அவள் கூச்சமில்லாமல் கேட்டாள். விரல்கள் நடுக்கணுவரை கம்பியில் படிந்தபோது, "போதும்," என்றாள்.

பெயர் பதித்த தோல் துண்டு மண்ணில் கிடந்தது. ஹெப்சி அதை எடுத்துத் தூசி தட்டினாள். "இதை சீட்டுக்குக் கீழ கட்டுங்கப்பா. அங்க எதையும் இடிக்காது."

ஜெயகரன் கட்டினான். கட்டி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

கரையின்மேல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஷஹீன் பானு வந்துவிட்டாள். "என்ன ஜெமிக்கா, வீட்ல யாரும் இல்ல, பக்கத்து வீட்ல கேட்டா ஆத்துக்குப் போய்ட்டாங்கன்னாங்க. வண்டி ரெடியா?"

"ஒரு நிமிஷம் நில்லு ஷஹீன்," என்றாள் ஜெமி. கோட்டின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஹெப்சி மேலே ஏறினாள். ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தாள். இரண்டு விரலைப் பிரேக்கில் வைத்தபடியே இறங்கினாள். அதே கல்லில் சக்கரம் குதித்தது. இந்தமுறை தோள்கள் ஏறவில்லை. பாதியில் ஒருமுறை பிடித்து விட்டாள். வேகம் குறைந்தது. மறுபடி பிடித்தாள். நிசார் பாய் தேவையில்லை என்று சொன்ன பெரிய டிஸ்க் கீச்சென்று கத்தியது. புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது முன் டயர் கோட்டைத் தொடாமல், ஒரு சாண் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஜெமி கோட்டையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்காத கண்ணைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். ஜெயகரன் பகிரங்கமாகவே அழுதான், அவனுக்கு அதெல்லாம் வெட்கமில்லை.

"ஷஹீன்," என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள் ஜெமி. "வாக்குக் குடுத்தவளே தவறிட்டேன். மன்னிச்சுக்க. வண்டி இல்ல."

ஷஹீன் சிரித்தாள். "இதைப் பாத்துட்டு நான் எடுத்துக்கினு போனா என் கையில ஒட்டுமாக்கா? எம் பையனுக்கு வேற பாத்துக்கறேன். ஆனா அவன் கையை நீங்க வந்து அளவு பாக்கணும், ஆமா." ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். ஆனால் ஹெப்சி வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"ம்மா. நேராச் சொல்லுன்னு சொன்ன இல்ல?"

"ஆமா."

"இன்னொண்ணு இருக்கு."

ஜெமி கிட்டே வந்தாள்.

"அமிர்தி போட்டியை அடுத்த ஞாயித்துக்கெழமை காலைக்கு மாத்திட்டாங்க. எனக்கு புதன்கிழமையே தெரியும். அன்னிக்குத்தான் அறுப்பின் பண்டிகை. என் பாட்டு. அத்தை மனசு நோகும்னு சொல்லல."

ஜெயகரன் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டுக்கு வரமாட்டாள் என்று ஜெயபுஷ்பத்திடம் சொல்வதைவிட, பாலாற்றில் வெள்ளம் வரவழைப்பது சுலபம். "நான் வேணா அக்காகிட்ட..." என்று தொடங்கி நிறுத்தினான். அக்காவிடம் அவன் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜெமி கையிலிருந்த குச்சியை ஆற்றில் வீசினாள்.

"நான் பேசறேன்."

"நீயா?" ஜெயகரன் கண்ணைத் திறந்தான். "ஈஸ்டர்லேர்ந்து அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலியே நீ. எப்ப?"

"இருட்டறதுக்குள்ள. அப்புறம் எனக்கே தைரியம் போயிடும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினாள்.

"நானும் வரேம்மா," என்று பின்னாலிருந்து கேட்டது. "சைக்கிள்ல."

ஜெமி திரும்பிப் பார்க்கவில்லை.

"வா," என்றாள். "பிரேக்ல விரலை வெச்சுக்கிட்டு வா."